"சுணங்கித்தான் பேசும்" என்று காத்திருக்கலாமா? வளர்ச்சி பிந்தும் பிள்ளைகளின் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு பொது மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் பத்துப் பன்னிரண்டு தாய்மார் சின்னப் பிள்ளைகளோடு பாய் விரித்து உட்காருவோம். நடக்கப் பிந்திய பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, டவுன் சின்ட்ரோம் என்ற பிறவி நிலை உள்ள பிள்ளை என்று எல்லாரும் வருவார்கள். நான் டொக்டர் இல்லை. என் மகளுக்கு மூளைவாதம், அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை; இப்போது 14 வயது. அவளைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்து கற்றதும், பயிற்சி கொடுத்த மிஸ்மாரிடம் கேட்டுக் கொப்பியில் எழுதிவைத்ததும்தான் என்னிடம் இருப்பவை. புதிதாக வருகிற தாய்மார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஆரம்பகாலத் தலையீடு என்கிறார்களே, அது என்ன சிகிச்சை?

அது மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை. வளர்ச்சியில் பிந்துகிற பிள்ளைக்கு எது பிந்துகிறதோ அதை முதல் சில வருடங்களிலேயே பழக்கத் தொடங்குவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அசைவு, பேச்சு, சாப்பாடு, கேட்டல், பார்த்தல், மற்றவர்களோடு பழகுதல் எல்லாம் இதில் வரும். இரண்டு வயதுக்குள் பிள்ளையின் மூளை பெரியவர்களின் மூளை அளவில் முக்கால்வாசியைத் தாண்டிவிடுகிறது. அந்தக் காலத்தில் மூளை நரம்புகளுக்கு இடையே இணைப்புகள் பெருகுகின்றன. அடிக்கடி பயன்படும் இணைப்பு உறுதியாகும், பயன்படாதது தேய்ந்து போகும். அவசரம் அதனால்தான்.

ஒரு கணக்குப் பாருங்கள். பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸிடம் மாதம் ஒரு முறை போனால் அரை மணித்தியாலம் கிடைக்கும். பிள்ளை உங்கள் வீட்டில் விழித்திருப்பது ஒரு நாளைக்கு 12 மணித்தியாலம். அப்படியென்றால் பயிற்சி நடக்கும் இடம் உங்கள் வீட்டுக் குசினியும் கிணற்றடியும்தான். மிஸ் உங்களுக்குக் காட்டித் தருவார், செய்கிறவர் நீங்கள். உலக சுகாதார நிறுவனம் பெற்றோருக்கென்று உருவாக்கிய பயிற்சியும் இப்படித்தான்: ஒன்பது குழு வகுப்புகள், மூன்று வீட்டுச் சந்திப்புகள், மிச்சமெல்லாம் வீட்டில் விளையாட்டோடும் அன்றாட வேலையோடும்.

"ஆம்பிளைப் பிள்ளை சுணங்கித்தான் பேசும்" என்று மாமி சொல்கிறா. காத்திருக்கலாமா?

மாமி அன்பில்தான் சொல்கிறா. சில பிள்ளைகள் பிந்திப் பேசத் தொடங்கி மறுகா சரியாக வருவதும் உண்மைதான். ஆனால் எந்தப் பிள்ளை தானாக வரும், எந்தப் பிள்ளை வராது என்று ஒன்றரை வயதில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பேச்சில் உள்ள வித்தியாசம் சின்னது. இரண்டு வயதில் ஒரு சொல்கூட இல்லாததற்கு அது காரணம் ஆகாது.

நேரத்தோடு தொடங்கி, பிறகு அது தேவையில்லை என்று தெரிந்தால் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. பிள்ளையோடு கூடுதலாக விளையாடியிருப்பீர்கள், அவ்வளவுதான். காத்திருந்து, பிறகு தேவை என்று தெரிந்தால் போன மாதங்கள் திரும்பி வராது. என் மகளுக்கு 7 மாதத்தில் தலை நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு போனபோது ஒரு டொக்டர் "ஒரு வயது வரை பார்ப்போம்" என்றார். நானும் நம்பி வீட்டிலேயே இருந்தேன். பயிற்சி தொடங்கும்போது அவளுக்கு 16 மாதம். அந்த 9 மாதத்தை நான் இன்னமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒன்று கவனியுங்கள். பேச்சு வரவில்லை, ஆனால் "செருப்பை எடுத்து வா" என்றால் எடுத்து வருகிறது, வேண்டியதை விரலால் காட்டுகிறது, உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது என்றால் அது ஒரு நிலை. பேச்சும் இல்லை, விரல் காட்டுவதும் இல்லை, பெயர் சொன்னால் திரும்புவதும் இல்லை என்றால் அது வேறு நிலை. முதலாவதைக் காட்ட வேண்டும், இரண்டாவதைச் சுணங்காமல் காட்ட வேண்டும். எந்த வயதிலும் சரி, பிள்ளை சொல்லிக்கொண்டிருந்த சொற்களை விட்டுவிட்டால், செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டால் அந்தக் கிழமையே போங்கள்.

எந்த வயதில் எதைப் பார்ப்பது? மாதக் கணக்கு மனதில் நிற்பதில்லை.

நான் தாய்மாருக்குச் சொல்லும் வழி, ஊசி போடும் நாளை நினைவில் வைப்பது. தடுப்பூசிக்குக் கட்டாயம் போகத்தானே போகிறீர்கள். அன்றைக்குக் கிளினிக் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளையின் சுகாதார, வளர்ச்சிப் பதிவேடான அந்தப் புத்தகத்தில் நிறைக் கோடு மட்டுமல்ல, பிள்ளை எப்போது என்ன செய்யும் என்ற பக்கமும் இருக்கிறது. அனேக வீடுகளில் அந்தப் பக்கம் வெறுமையாகவே கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும்.

2 மாத ஊசி நாளில் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். 4 மாத ஊசிக்குத் தலை ஆடாமல் நிற்க வேண்டும். 6 மாதத்தில் கையை நீட்டிப் பொருளைப் பிடிக்கும், சத்தம் வந்த பக்கம் திரும்பும். 9 மாதத்தில் எம்.எம்.ஆர். ஊசி (சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லாவுக்கானது), அப்போது பிடிக்காமல் உட்காரும், "பாபாபா" "மாமாமா" என்று அடுக்கிச் சத்தம் போடும், பெயர் சொன்னால் பார்க்கும். ஒரு வயது ஊசிக்குப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கும், கை அசைத்து டாட்டா காட்டும். 18 மாத ஊசிக்குப் போகும்போது தனியே நடக்க வேண்டும், அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது சொல்ல முயல வேண்டும். காகம் பறந்தால் "அங்கே பார்" என்பதுபோல் விரலைக் காட்டி, நீங்கள் பார்க்கிறீர்களா என்று திரும்பியும் பார்க்க வேண்டும். இந்த 18 மாத நாளை விட்டுவிடாதீர்கள். அதற்குப் பிறகு அடுத்த ஊசி 3 வயதில்தான். நடுவில் உள்ள ஒன்றரை வருடத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் கண்ணுக்கு எட்டாமல் போகிறார்கள். இரண்டு வயதில் "பால் தா", "அப்பா போ" என்று இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும். அந்த வயதுக்கு ஊசி இல்லை, நீங்களாகத்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு வயதுக்கு முன்பே பிள்ளை ஒரு கையை மட்டும் பாவித்து மறு கையை மடக்கியே வைத்திருந்தால் "இடக்கைக்காரன்" என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள். அந்த வயதில் இரண்டு கையும் ஒன்றுபோல வேலை செய்ய வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கும் இதே கணக்கா?

இல்லை. எத்தனை கிழமை முந்திப் பிறந்ததோ அதைக் கழித்துப் பாருங்கள். இரண்டு மாதம் முந்திப் பிறந்த பிள்ளைக்கு 8 மாதம் என்றால் 6 மாதப் பிள்ளையாக எண்ண வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழிக்கலாம். ஊசிக்கு மட்டும் கழிக்கக் கூடாது.

என் பிள்ளை தவழவே இல்லை, நேரே நடந்துவிட்டது. பிழையா?

இல்லை. தவழாமலே நடக்கும் பிள்ளைகள் உண்டு. தனியே நடப்பது 8 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் இடையில் எப்போதும் வரலாம். 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை என்றால் காட்டுங்கள்.

முதலில் யாரிடம் போவது? கொழும்புக்குத்தான் போக வேண்டுமா?

முதலில் உங்கள் ஊர்க் குடும்ப நல மிஸ்ஸிடம் சொல்லுங்கள். எல்லாரும் மிட்வைஃப் மிஸ் என்றே சொல்வோம். வீடு தேடி வருகிறவர் அவர்தான். அவர் எம்.ஓ.எச். ஒபிசுக்கு, அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்புவார். அங்கிருந்து பிள்ளை வைத்திய நிபுணருக்குத் துண்டு கிடைக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும், கல்முனை, அம்பாறைப் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் பிள்ளை வைத்திய நிபுணர்கள் இருக்கிறார்கள். அம்பாறை மாவட்டத்துக் கரையோர ஊர்கள் சுகாதாரக் கணக்கில் கல்முனைப் பிராந்தியத்துக்குள் வரும். அங்கே உள்ளவர்கள் அம்பாறை நகரத்துக்கு ஓட வேண்டியதில்லை.

போகும்போது இரண்டு பொருள் கொண்டுபோங்கள். ஒன்று கிளினிக் புத்தகம். மற்றது உங்கள் போனில் எடுத்த வீடியோ. வீட்டில் பிள்ளை எப்படி உட்காருகிறது, கூப்பிட்டால் என்ன செய்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் எடுத்தால் போதும். ஆஸ்பத்திரி அறையில் பிள்ளை அழுதபடி உங்கள் தோளில் ஒட்டிக்கொண்டிருக்கும்; டொக்டரால் அங்கே அதிகம் பார்க்க முடியாது.

"போகப் போகச் சரியாகும்" என்று யாராவது திருப்பி அனுப்பினால், "எந்தத் திகதிக்கு மறுபடி வர வேண்டும்? அதற்குள் வீட்டில் என்ன பழக்க வேண்டும்?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம். நான் அன்றைக்குக் கேட்காமல் விட்டது இந்த இரண்டையும்தான்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து வரும் தாய்மாருக்கு ஒரு கிளினிக் என்பது ஒரு முழு நாள். விடியப் பஸ் பிடித்து, தகப்பனின் ஒரு நாள் கூலியும் போய், பொழுதுபடத்தான் வீட்டுக்குத் திரும்ப முடியும். அதனால் பிசியோ (உடல் அசைவுப் பயிற்சி), பேச்சு, காது எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுத் தர முடியுமா என்று துண்டு எழுதும்போதே கேளுங்கள். எல்லா நேரமும் கிடைக்காது, ஆனால் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

காது சோதனை எதற்கு? மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குத் திரும்புகிறானே.

மோட்டார் சைக்கிளின் உறுமல் கனத்த சத்தம். "ச", "ஸ்", "ஃப்" போன்ற ஒலிகள் மெல்லியவை, கூர்மையானவை. சில பிள்ளைகளுக்குக் கனத்தது கேட்கும், மெல்லியது கேட்காது. அவர்களுக்கு நம் பேச்சு பாதி அழிந்த எழுத்துப்போலத்தான் கிடைக்கிறது. கதவைத் தட்டியதற்குத் திரும்புவதும் அப்படித்தான், அதிர்வை உணர்ந்து திரும்பலாம். அதனால் பேச்சு பிந்தும் எந்தப் பிள்ளைக்கும் முதல் வேலை காது சோதனை. சின்னப் பிள்ளை என்றால் நித்திரையில் வைத்தே செய்வார்கள், நோகாது. காதில் பிழை என்று தெரிந்தால் காது மெஷின் எவ்வளவு நேரத்தோடு போடுகிறோமோ அவ்வளவுக்குப் பேச்சு வரும்.

நோயின் பெயரே இன்னும் சொல்லவில்லை. பெயர் தெரியாமல் எப்படித் தொடங்குவது?

பெயருக்குக் காத்திருக்க வேண்டாம். உட்காராத பிள்ளைக்கு உட்காரப் பழக்க வேண்டும். காரணம் எதுவானாலும் அது மாறாது. பேசாத பிள்ளையோடு முகம் பார்த்து விளையாட வேண்டும், அதுவும் மாறாது. பெயர் தேவையில்லை என்று சொல்லவில்லை. சில காரணங்களுக்கு மருந்து உண்டு: தைரொயிட் குறைவை நேரத்தோடு கண்டுபிடித்தால் ஒரு மாத்திரை மூளையைக் காக்கும், டவுன் சின்ட்ரோம் என்றால் இதயத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயத்தில் பிழை இருக்கும். சோதனைகள் ஒரு பக்கம் நடக்கட்டும், பழக்கம் மறு பக்கம் நடக்கட்டும்.

பேச்சு வராத பிள்ளைக்கு வீட்டில் என்ன செய்வது?

ஒரு கிணற்றடிக் கதை சொல்கிறேன். எங்களிடம் வரும் ஒரு தாயின் மகனுக்கு அப்போது இரண்டேகால் வயது. சத்தமே இல்லாத பிள்ளை. தண்ணீர் என்றால் மட்டும் உயிர். தாயிடம் பயிற்சி மிஸ் சொன்னது ஒன்றே ஒன்று: "குளிக்க வார்க்கும்போது நிறுத்துங்கோ." அவ வாளியைத் தூக்கி, "ஒண்டு... ரெண்டு..." என்று சொல்லி, அவன் தலைக்கு மேலே பிடித்தபடி நின்றுவிடுவா. அவன் கண்ணை மூடிக் காத்திருப்பான், தண்ணீர் வராது. கண்ணைத் திறந்து தாயைப் பார்ப்பான். பார்த்த உடனே "ஊத்து!" என்று சொல்லி ஊற்றுவா. முதல் கிழமை பார்வை மட்டும்தான். அடுத்த கிழமை அவன் கையால் வாளியைத் தொட்டான். மூன்றாம் கிழமை ஒரு நாள் உதட்டைக் குவித்து "ஊ" என்றான். அவ வாளியைப் போட்டுவிட்டு அழுதுவிட்டாவாம்.

செய்வது இதுதான்: பிள்ளைக்குப் பிடித்த ஒன்றை எடுங்கள், தொடங்குங்கள், நடுவில் நிறுத்துங்கள், காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நம்மால் காத்திருக்க முடிவதில்லை. பிள்ளை கேட்கும் முன்பே எடுத்துக் கொடுத்துவிடுவோம். கச்சான் டின்னை எட்டாத உயரத்தில், ஆனால் கண்ணில் படும்படி வையுங்கள். புட்டை ஒரேயடியாகக் கோப்பையில் போடாமல் ஒரு பிடி வைத்துவிட்டு நில்லுங்கள். அவன் பார்த்தால், கையைப் பிடித்து இழுத்தால், ஏதாவது சத்தம் போட்டால் அதைக் கேட்டதாகவே எடுத்து, "புட்டு" என்று சொல்லிக் கொடுங்கள்.

"இது என்ன? அது என்ன?" என்று பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதன் பெயரை நீங்கள் சொல்லுங்கள். ஒரு சொல்லும் இல்லாத பிள்ளைக்கு ஒற்றைச் சொல், ஒற்றைச் சொல் பேசும் பிள்ளைக்கு இரண்டு சொல், அதற்கு மேல் வேண்டாம். பேசும்போது பாயில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பிள்ளையின் முகத்துக்கு நேரே கொண்டுவாருங்கள். கை சைகை, படம் காட்டுவது எல்லாம் பேச்சைக் கெடுக்கும் என்று பயப்படாதீர்கள். அவை பேச்சுக்கு ஏணி.

ஆங்கிலத்தில் பேசினால் லேசாக வருமா? ஏ பி சி டி எல்லாம் சொல்கிறானே.

இப்படியான பிள்ளைகள் இப்போது கூடுதலாக வருகிறார்கள். போன் பார்த்து ஆங்கிலத்தில் நிறமெல்லாம் சொல்லும், ஆனால் தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது, உம்மாவை உம்மா என்று கூப்பிடாது. மனப்பாடம் வேறு, பேச்சு வேறு. பேச்சு என்பது ஒருவரைப் பார்த்து ஒன்றைச் சொல்வது. வீட்டில் நீங்கள் எந்த மொழியில் கோபிப்பீர்களோ, கொஞ்சுவீர்களோ அந்த மொழியிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் வளர்ச்சி கெடுவதில்லை. ஆனால் உங்களுக்கே சரளமாக வராத மொழியில் பேசினால் பிள்ளைக்குக் கிடைக்கும் பேச்சு மெலிந்துபோகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் நம் பக்கத்தில் தேவைக்கு மிகவும் குறைவு. இலங்கையில் இந்தப் படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இருக்கிறது. உயர்தரம் படிக்கும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை ஒரு தொழிலாகச் சொல்லுங்கள். மருத்துவத்துக்குப் புள்ளி காணாவிட்டால் எல்லாம் முடிந்தது என்று அழும் பிள்ளைகளுக்கு இந்த வழியைக் காட்ட யாரும் இல்லை.

போன், ரி.வி. எவ்வளவு நேரம் கொடுக்கலாம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயது முடியாத பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம், ஒரு வயதுப் பிள்ளைக்கும் வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். போன் கொடுத்ததால்தான் ஓட்டிசம் (பேச்சும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு விதமாக வளரும் நிலை) வந்தது என்று தாயைக் குற்றம் சொல்வது பிழை; அப்படி வருவதில்லை. ஆனால் ஏற்கெனவே பேச்சு பிந்தும் பிள்ளையிடமிருந்து போன் பறிப்பது, நீங்கள் முகம் பார்த்து விளையாடும் நேரத்தை. சோறு தீத்தும் நேரத்தில் இருந்து குறைக்கத் தொடங்குங்கள். மூன்று நாள் கத்தும். நான்காம் நாள் உங்கள் முகத்தைப் பார்க்கும்.

மூளைவாதம் என்று சொல்லிவிட்டார்கள். விறைப்பாக இருக்கிறாள். வீட்டில் எப்படி வைத்திருப்பது?

இதை விரிவாகவே சொல்ல வேண்டும், என் மகளோடு நான் பழகியது இதுதான்.

தூக்குவது: கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும் பிள்ளையைக் கைக்குழந்தைபோல மல்லாத்தித் தூக்கினால் விறைப்பு கூடும். நம் ஊர் வழியில் இடுப்பில் வைத்து, இரண்டு காலும் உங்கள் இடுப்பின் இரண்டு பக்கமும் விழும்படி தூக்குங்கள். பிசியோ மிஸ் எனக்குக் காட்டித் தந்ததும் இதைத்தான். என் அம்மம்மா எத்தனை பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நெல் அவித்திருப்பா!

உட்கார வைப்பது: கல்லடிக் கடற்கரையில் வெயில் தாழ்ந்த பிறகு மணலில் இடுப்பளவுக்கு ஒரு குழி தோண்டி, அவளை உள்ளே உட்கார வைத்து, முதுகுக்கும் பக்கங்களுக்கும் மணலை அணைத்துவிடுவோம். கால் இரண்டும் அகன்று இருக்கும். முன்னால் இரண்டு சிரட்டை. மணல் பிடித்துக்கொண்டிருப்பதால் இரண்டு கையும் விடுதலை. வீட்டில் பயத்தில் கையை மடக்கி வைத்திருந்தவள் அங்கேதான் முதல்முறை சிரட்டையில் மணலை அள்ளினாள். வீட்டுக்கு ஒரு மூலைக் கதிரை செய்விக்கலாம். ஊர்த் தச்சு ஆசாரியாரிடம் அளவு கொடுத்தால் போதும்: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் நேர்மூலையாக மடங்க வேண்டும், உள்ளங்கால் பலகையில் படிய வேண்டும், முன்னால் ஒரு தட்டு. பிள்ளை வளர வளர அளவு மாற்ற மறக்கக் கூடாது.

சாப்பாடு: இதில்தான் ஆபத்து அதிகம். படுக்க வைத்து, தலையை அண்ணாத்தி ஊட்டினால் சாப்பாடு சுவாசப் பாதைக்குள் போகும். உட்கார வைத்து, நாடி சற்றுக் கீழே தாழ்ந்திருக்க, கரண்டியை முன்னாலிருந்து, வாய்க்குச் சற்றுக் கீழே இருந்து கொண்டுவாருங்கள். ஒரு வாயை விழுங்கிய பிறகு மறு வாய். சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்க விட வேண்டாம். அடிக்கடி புரையேறினால், மாதம் தவறாமல் சளிக்காய்ச்சல் வந்தால் அதை டொக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள்.

எண்ணெய் தடவுவது நல்லது, பிள்ளைக்கு இதமாக இருக்கும். ஆனால் விறைத்த காலைப் பலமாக இழுத்து நிமிர்த்த விடாதீர்கள், எந்த அனுபவசாலி வந்தாலும். சில்லுப் பூட்டிய வோக்கரும் வேண்டாம். அது நடையைப் பழக்காது, நுனிக்காலில் நிற்கப் பழக்கும், படியில் உருண்டு விழவும் வைக்கும். கனடா 2004இலேயே அதை விற்கத் தடை போட்டது.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கலாமா?

வேண்டாம். இரும்பும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் உள்ள கூரான பொருட்களை எடுத்துவிடுங்கள், மணிக்கூட்டைப் பாருங்கள். முதல்முறை வலிப்பு என்றாலோ, 5 நிமிடம் தாண்டினாலோ 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

ஒரு வயதுக்குள் ஒரு வகை வலிப்பு உண்டு, அதைப் பலர் வலிப்பு என்றே அறிவதில்லை. பிள்ளை நித்திரையால் எழும்பும் நேரம் திடீரென்று தலை குனிந்து கைகால் முன்னால் எறிந்ததுபோல மடங்கும், சில வினாடிக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப வரும். வயிற்று நோ, திடுக்கிட்டது என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வீடியோ எடுத்து அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

தடுப்பூசியால் ஓட்டிசம் வந்தது என்கிறார்களே?

இல்லை. அந்தக் கதை 1998இல் இங்கிலாந்தில் வெளிவந்த, 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய ஒரு கட்டுரையில் தொடங்கியது. 2010இல் அந்தப் பத்திரிகையே அதை வாபஸ் வாங்கியது. டென்மார்க்கில் 6 இலட்சத்து 57 ஆயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்விலும் எம்.எம்.ஆர். ஊசிக்கும் ஓட்டிசத்துக்கும் தொடர்பு இல்லை. ஒன்றரை வயதில்தான் பேச்சு வரவில்லை என்று நம் கண்ணில் படுகிறது. அதே காலத்தில் ஊசியும் வருகிறது. அதனால் இரண்டையும் மனம் முடிச்சுப் போடுகிறது.

மச்சானைக் கட்டியதாலா? கண்ணூறா? நான் செய்த பாவமா?

இந்தக் கேள்வியை யாரும் மண்டபத்தில் சத்தமாகக் கேட்பதில்லை. போகும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்பார்கள். பாவம் இல்லை மகள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சில பரம்பரை நோய்களின் வாய்ப்பு கொஞ்சம் கூடும், உண்மை. ஆனால் அப்படிக் கட்டியவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குச் சுகமான பிள்ளைகளே பிறக்கிறார்கள், சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். அடுத்த பிள்ளைக்கு முன் டொக்டரிடம் கேட்டு வையுங்கள், அவ்வளவுதான். கோயிலில் நேர்த்தி வையுங்கள், பள்ளியில் துஆ கேளுங்கள், நூல் கட்டுங்கள், உங்கள் மனதுக்கு அது தேவை. பயிற்சியை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள். அடித்துப் பேய் ஓட்டுகிறேன் என்று யாராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

பிள்ளையின் தாய் கட்டாரில். அம்மம்மா நான்தான் வளர்க்கிறேன். என்னால் முடியுமா?

முடியும் அம்மம்மா. நம் ஊரில் வீடு மகளுக்குத்தான் போகும். அதனால் அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா எல்லாரும் ஒரே வளவில், அடுத்த வேலியில் இருப்பீர்கள். கொழும்பு மாடி வீட்டில் தனியே இருக்கும் தாய்க்கு இந்த வசதி இல்லை. வேலையைப் பங்கிடுங்கள்: குளிப்பாட்டுவதும் அந்த வாளி விளையாட்டும் சின்னம்மாவுக்கு, சாப்பாடு உங்களுக்கு, பின்னேரக் கடற்கரை மாமாவுக்கு. எல்லாரும் ஒரே சொல்லைப் பாவித்தால் அந்தச் சொல் பிள்ளையின் காதில் அடிக்கடி விழும். தாய் வீடியோவில் வரும்போது பேசச் சொல்லி நெருக்காமல், அவ தன் முகத்தை மறைத்து மறைத்துக் காட்டி விளையாடட்டும்.

நேசறியில் சேர்க்க மாட்டோம் என்கிறார்கள்.

கல்வி நிறுவனத்தில் அனுமதிக்கும்போது இயலாமையைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. சட்டத்தை முதல் நாளே எடுக்க வேண்டாம். பிரதேச செயலகத்தில் முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தி உத்தியோகத்தரும் சமூக சேவை உத்தியோகத்தரும் இருக்கிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கொடுப்பனவு, சக்கர நாற்காலி பற்றியும் அந்தச் சமூக சேவை உத்தியோகத்தரிடமே கேளுங்கள். ரீச்சர் பயத்தில்தான் மறுக்கிறார் என்றால், முதல் கிழமை ஒரு மணித்தியாலம், நீங்களும் கூட இருந்து தொடங்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். எங்களிடம் வந்த பிள்ளைகளில் அனேகமானோர் அப்படித்தான் உள்ளே போனார்கள்.

என் பிள்ளைக்கு நாலு வயது முடிந்துவிட்டது. இனிப் பலன் உண்டா?

உண்டு. முதல் மூன்று வருடத்தில் லேசாகச் செய்யக்கூடியது இப்போது கூடுதல் உழைப்பைக் கேட்கும், அவ்வளவுதான். என் மகள் கரண்டி பிடித்தது 6 வயதில். எட்டு வயதில் தன் பெயரை எழுதினாள், கோணலாக, கொப்பி முழுக்க.

மூத்தவள் "தம்பி எப்போ பேசுவான்?" என்று கேட்கிறாள். என்ன சொல்வது?

தெரியாது என்று உண்மையைச் சொல்லுங்கள். பிறகு அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள், தம்பியோடு விளையாடும் வேலை. பந்தை உருட்டி, நடுவில் நிறுத்தி, பத்து எண்ணச் சொல்லுங்கள். பிள்ளைகள் இதை நம்மைவிட நன்றாகச் செய்வார்கள். ஆனால் அவளுக்கும் தனியாக நேரம் வேண்டும். தம்பி நித்திரையான பிறகு பத்து நிமிடம் அவள் தலையைப் பின்னிவிட்டு, அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.